முப்பது சென்டிமீட்டரில் ஒரு முகம்

காலையில் தலைவாரும்போது கண்ணாடியில் பார்த்த முகம் சரியாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, ஃபோனைக் கையில் நீட்டிப் பிடித்து அதே முகத்தை எடுத்தால் மூக்கு புடைத்துத் தெரிகிறது. நெற்றி முன்னுக்கு வருகிறது. காது இரண்டும் எங்கோ பின்வாங்கிவிடுகின்றன. "ஃபோட்டோவுல நான் நல்லாவே விழமாட்டேன்" என்று சொல்லும் ஒருவராவது இல்லாத வீடு நம் ஊரில் அரிது. பழியை முகத்தின் மேல் போடுவோம், இல்லையென்றால் ஃபோனின் மேல். பிறகு அழகூட்டும் ஃபில்டர் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

கண்ணாடிக்கும் கேமராவுக்கும் போய்ச் சேர்வது ஒரே ஒளிதான். அப்படியிருக்க இரண்டும் ஏன் வெவ்வேறு முகம் காட்டுகின்றன? இதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு ஜன்னல், ஒரு ஸ்டூல், டைமர் உள்ள ஃபோன், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போன்ற ஓர் எடிட்டிங் மென்பொருள், இவ்வளவு போதும். நம்மை நாமே எடுத்துக்கொள்ளும் தற்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்று பலரும் ஒதுக்குகிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து ஒளியியல் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. எடுப்பவரும் நீங்கள், எடுக்கப்படுபவரும் நீங்கள். ஒரே படத்தை எத்தனை முறை எடுத்தாலும் அலுத்துக்கொண்டு எழுந்து போக எதிரில் யாரும் இல்லை.

குளியலறையில் ஆரம்பிக்கலாம். வெந்நீரில் குளித்து முடித்ததும் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் விளிம்பை விரலால் சுற்றி வரையுங்கள். பிறகு அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். உங்கள் முகத்தின் உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். கை எட்டும் வரை பின்னால் நகர்ந்து மறுபடி வரைந்தாலும் அதே பாதி. கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் 1960இல் வெளிவந்த 'ஆர்ட் அண்ட் இல்யூஷன்' நூலில் இந்தச் சோதனையைப் பற்றி எழுதியிருக்கிறார். முதன்முறை செய்து பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது. தினமும் முழுமுகம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம்தான் இருக்கும்.

காரணம் எளிது. கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் பிம்பம் இருக்கிறது. கண்ணுக்கும் பிம்பத்துக்கும் நட்டநடுவில் கண்ணாடிப் பரப்பு. பாதி வழியில் குறுக்கே வெட்டினால் பாதி அளவு கிடைக்கும்.

செல்ஃபி புதிருக்கான சாவி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடியிலிருந்து 50 செ.மீ. தள்ளி நிற்கும்போது நீங்கள் பார்ப்பது ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை. கண்ணாடி தூரத்தை இரட்டிப்பாக்கித் தருகிறது. கேமரா அப்படிச் செய்வதில்லை. கையை மடக்கி 30 அல்லது 40 செ.மீ.யில் பிடித்தால், அது பார்ப்பதும் அந்த 30, 40 செ.மீ.யிலிருந்துதான். வழக்கமாக உங்கள் முகத்தை நீங்களே பார்க்காத அவ்வளவு பக்கத்திலிருந்து ஃபோன் பார்க்கிறது.

பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன ஆகிவிடும்? முகம் தட்டையான பலகை அல்ல. மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் கேமரா இருந்தால், காது 42 செ.மீ.யில் இருக்கும். எந்தப் பொருளும் தூரத்துக்கு ஏற்பச் சிறுத்துத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும். கேமராவை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். மூக்கு 150, காது 162. வித்தியாசம் 8 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்று மீட்டரில் வெறும் 4. முன்பின் இடைவெளி மாறவே இல்லை. மொத்தத் தூரத்தில் அந்த 12 செ.மீ. எவ்வளவு பங்கு என்பதுதான் மாறியது. இதைத் தூரத்தோற்றம் என்று அழைக்கலாம்.

இதை ஏட்டளவில் விடாமல் எடுத்துப் பாருங்கள். ஸ்டூலின் மேல் ஒரு அரிசி டப்பா, அதில் சாய்த்த ஃபோன், லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில். பத்து வினாடி டைமர். 30 செ.மீ., 60 செ.மீ., ஒன்றரை மீட்டர், மூன்று மீட்டர் என்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டிலும் அதே முகபாவத்தோடு ஒரு படம். தூரத்திலிருந்து எடுத்த படங்களில் முகம் சிறிதாக இருக்கும். கவலை வேண்டாம். கிம்ப்பில் நான்கு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். லேயர் என்று மென்பொருள் சொல்வது இந்த அடுக்கைத்தான். எல்லாப் படத்திலும் இரண்டு கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றாக வரும்படி பெரிதாக்கி, கண்ணோடு கண்ணைப் பொருத்துங்கள். பிறகு அடுக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வாருங்கள். கன்னம் அகன்று, தாடை விரிந்து, இதுவரை இல்லாத காதுகள் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும். நான்கு பேரும் நீங்கள்தான். முகத்தில் எதுவும் மாறவில்லை.

இந்தச் சோதனையால் இன்னொரு பரவலான நம்பிக்கையும் அடிபட்டுப் போகிறது. "ஃபோன்ல வைட் லென்ஸ் சார், அதான் மூக்கைப் பெருசாக்குது" என்பார்கள். ஒன்றரை மீட்டரில் அதே வைட் லென்ஸால் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டியெடுத்த படத்தை, அதே இடத்திலிருந்து ஜூம் லென்ஸால் எடுத்த படத்தோடு வைத்துப் பாருங்கள். முகத்தின் அமைப்பு ஒன்றாகவே இருக்கும். லென்ஸ் செய்வதெல்லாம் எவ்வளவு இடத்தைப் படத்துக்குள் அடைப்பது என்பதுதான். வைட் லென்ஸ் உங்களைப் பக்கத்தில் வரத் தூண்டுகிறது. மூக்கைப் பெரிதாக்குவது அந்த நெருக்கம். லென்ஸின் மேல் நியாயமாகச் சொல்லக்கூடிய குற்றம் ஒன்று உண்டு. வைட் லென்ஸ் படத்தின் ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். கல்யாண வீட்டு குரூப் ஃபோட்டோவில் கடைசியில் நிற்கும் சித்தப்பா அகலமாகத் தெரிவது அதனால்தான். தற்படத்தில் முகம் நடுவில் இருக்கட்டும்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முக அறுவை மருத்துவரான போரிஸ் பாஸ்கோவரிடம் மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருபவர்கள், காரணமாகத் தங்கள் செல்ஃபியைக் காட்டுவார்களாம். அவரும், அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்த கணினி ஆய்வாளர் ஓஹாட் ஃப்ரீட் உள்ளிட்டோரும் சேர்ந்து கணக்குப் போட்டு 2018இல் வெளியிட்டார்கள். பல இனத்தவரின் சராசரி முக அளவுகளை எடுத்துக்கொண்டு, முகத்தை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தளங்களாகப் பிரித்து, கேமரா எந்தத் தூரத்தில் இருந்தால் எந்தத் தளம் எவ்வளவு பெரிதாகும் என்று பார்த்தார்கள். 12 அங்குலத்தில், அதாவது சுமார் 30 செ.மீ.யில், முக அகலத்தோடு ஒப்பிட மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகன்று தெரிந்தது. ஐந்து அடியில் அந்த மிகை கிட்டத்தட்ட இல்லை. கத்தி வைக்கும் முன்பு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேரோ!

கால்டெக் பல்கலைக்கழகத்தில் ரானி பிரையன், பியட்ரோ பெரோனா, ரால்ஃப் அடோல்ஃப்ஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. ஒரே ஆட்களை 45 செ.மீ.யிலிருந்தும் 135 செ.மீ.யிலிருந்தும் எடுத்து, படங்களை மற்றவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பக்கத்திலிருந்து எடுத்த முகங்களுக்கு நம்பகத்தன்மையிலும் திறமையிலும் அழகிலும் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. ஒருவர் நமக்கு எவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறார் என்பதை மூளை அவர் முக வடிவத்திலிருந்தே கணித்துவிடுகிறது போலும். முன்பின் தெரியாத ஒருவர் அரை மீட்டரில் வந்து நின்றால் யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் செல்ஃபியை ஒட்டி அனுப்பும் தம்பி தங்கைகளுக்கு நான் வேண்டி விரும்பிச் சொல்வது: டைமர் வைத்துத் தள்ளி நின்று எடுங்கள்.

கண்ணாடியோடு இன்னொரு கணக்கும் பாக்கியிருக்கிறது. கண்ணாடியில் உங்கள் இடக்கன்னத்து மச்சம் உங்கள் இடப்பக்கமே தெரியும். எதிரில் நிற்பவருக்கோ அது அவருடைய வலப்பக்கம். எந்த முகமும் இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், கண்ணாடி முகத்துக்குப் பழகிய கண்ணுக்குப் படத்திலிருக்கும் நேர்முகம் கோணலாகப் படுகிறது. அமெரிக்காவில் தியோடர் மீட்டாவும் வேறு இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில் பெண்களிடம் அவர்களுடைய முகப்படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் காட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இடவலம் மாறியதையும், அவர்களுடைய தோழிகள் நேரான படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். அவரவர் அடிக்கடி பார்த்த முகம் அவரவருக்குப் பிடித்திருந்தது. ஃபோனின் முன்கேமரா எடுக்கும்போது கண்ணாடிபோல் காட்டிவிட்டு, சேமிக்கும்போது பெரும்பாலும் நேராக்கிவிடும். "எடுக்குறப்போ நல்லா இருந்துச்சே" என்ற புலம்பலில் ஒரு பங்கு இதற்குரியது. எடிட்டிங்கில் படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாருங்கள், உடனே சமாதானமாகிவிடுவீர்கள்.

இந்தச் சமாதானம் முதல் தற்படக்காரராகக் கருதப்படுபவருக்கே கிடைத்திருக்கும். 1839இல் ஃபிலடெல்ஃபியாவில், குடும்பத்துக்குச் சொந்தமான விளக்குக் கடையில் வேலை பார்த்த ராபர்ட் கார்னீலியஸ், வெள்ளி பூசிய தகட்டில் தன்னையே படம் பிடித்தார். லென்ஸின் மூடியை எடுத்துவிட்டு முன்னால் வந்து நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். நடுவில் நிற்கிறோமா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. படத்தில் அவர் நடுவிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கிறார், தலைமுடி கலைந்திருக்கிறது. தாகேரோடைப் எனப்படும் அந்த வகைப் படங்கள் பொதுவாக இடவலம் மாறியே விழும். தகடு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

தூரத்தை அடுத்து ஒளி. ராத்திரியில் டேபிள் விளக்கை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் இருண்டு போகும். மூக்குக்கு நடந்த அதே கதைதான். ஒளியின் வலு தூரத்தின் இருமடிக்கு எதிராகக் குறையும் என்பது பள்ளியில் படித்த எதிர்த்தகவு இருமடி விதி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்கு. விளக்கு ஒரு கன்னத்துக்கு 30 செ.மீ., மறுபக்கத்துக்கு 45 செ.மீ. என்றால், முதல் பக்கத்தில் விழும் ஒளி இரண்டேகால் மடங்கு அதிகம். விளக்கை மூன்று மீட்டர் தள்ளிவிட்டால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு. கேமராவோ விளக்கோ, முகத்தை ஒட்டி வரும் எதுவும் மேடுபள்ளங்களை மிகைப்படுத்தும்.

ஆனால் தள்ளி வைத்த பல்பு சுருங்கி ஒரு புள்ளியாகிவிடுவதால் நிழல்கள் கத்திபோல் வெட்டி விழும். பெரிய ஒளிமூலம் வேண்டும். அது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வெயில் நேராக விழாத ஜன்னல். விழுந்தாலும் பரவாயில்லை, ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிவிடுங்கள். வேட்டியின் நூலிழைகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்க, வேட்டி முழுதுமே விளக்காகிவிடும். மூக்கின் நிழல் விழும் ஓரத்தில் கன்னத்திலுள்ள ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் மூக்கு வேட்டியின் ஒரு பகுதியைத்தான் மறைக்கும், மீதி தெரியும். அதனால் அந்தப் புள்ளி முழு இருட்டாகாமல் பாதி வெளிச்சத்தில் இருக்கும். கிரகணப் பாடத்தில் வரும் புறநிழல் இதுதான். ஒளிமூலம் அகல அகல, நிழலின் விளிம்பு கரைந்துகொண்டே போகும். முகத்தின் மறுபக்கம் ஒரு வெள்ளைத் துண்டையோ தெர்மாகோல் அட்டையையோ பிடித்தால், அங்கும் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். ஸ்டூடியோக்காரர்கள் பணம் கொடுத்து வாங்குவது இந்த இரண்டையும்தான்.

வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்தால் நம் முகம் ஏன் இருண்டு போகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் பலர் மனம் புண்பட்டிருக்கிறார்கள். எதிரில் இருப்பது என்ன என்று கேமராவின் ஒளி அளவிக்கு அடிப்படையில் தெரியாது. காட்சியெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம், விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நிறம், என்ற அனுமானத்தில் அது வேலை செய்கிறது. சுவர் வெள்ளை என்றால் 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். மாநிறமோ கறுப்போ ஆன முகம் அதில் அமுங்கிப் போகும். இன்றைய ஃபோன்கள் முகத்தைக் கண்டுபிடித்து இதை ஓரளவு சரிசெய்கின்றன என்றாலும், தப்பு முழுதாகப் போகவில்லை. ஃபிலிம் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கோடாக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களுக்கு அனுப்பிய, ஷெர்லி அட்டை என்றழைக்கப்பட்ட நிறமாதிரிப் படங்களில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று உலகெங்கும் நிறம் ஒழுங்குசெய்யப்பட்டது. குறை நம் தோலில் இல்லை, அளவுகோலில். திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பின்புறத்துக்குச் சுவரைவிட, வெளிர் நிறமில்லாத ஒரு போர்வையோ மரக்கதவோ நல்லது.

இப்போது ஒளி கேமராவுக்குள் போய்விட்டது. உள்ளே லட்சக்கணக்கான ஒளியுணரிகள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. மழை பெய்யும்போது மொட்டை மாடியில் வரிசை வரிசையாகச் செம்புகளை வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளிகளுக்குப் பதில் ஒளித்துகள்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் மழை பெய்யும் நேரம். முடிந்ததும் ஒவ்வொரு செம்பிலும் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து எழுதினால் அந்த எண்களின் பட்டியல்தான் படம்.

எடிட்டிங்கில் எது முடியும், எது முடியாது என்பதை இந்தச் செம்பே சொல்லிவிடும். பெருமழையில் செம்பு நிரம்பி வழிந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு பெய்தது என்று யாராலும் கூற முடியாது. நெற்றியில் வெயில் பட்டு வெள்ளையாகிப் போன திட்டு அப்படிப்பட்டது. எடிட்டிங்கில் அதை இருட்டாக்கலாம். சாம்பல் திட்டு கிடைக்கும், தோல் கிடைக்காது. தூறலில் வேறு சிக்கல். பக்கத்துப் பக்கத்துச் செம்புகளிலேயே ஒன்றில் ஏழு துளி, ஒன்றில் பதின்மூன்று துளி என்று தற்செயலாக விழும். சராசரி 100 துளி விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10 அளவுக்கு, அதாவது பத்து சதவீதம். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரே ஒரு சதவீதம். இருட்டில் எடுத்த முகத்தை எடிட்டிங்கில் வெளிச்சமாக்கினால் கன்னமெங்கும் மணல் தூவியது போலப் புள்ளிகள் வருவது இதனால்தான். இரைச்சல் என்று இதைச் சொல்வார்கள். கேமராவின் மின்னணுப் பாகங்களும் தம் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும் என்றாலும், விலையுயர்ந்த கேமராவாலும் ஒளியின் இந்தத் தற்செயலைத் தவிர்க்க முடியாது. ஜன்னல் பக்கம் நகர்ந்தால் துளிகள் கூடும். வேறு மருந்து இல்லை.

செம்புகளுக்கு நிறம் தெரியாது என்பது அடுத்த செய்தி. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதாவதொரு நிற வடிகட்டி மூடியிருக்கும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவரின் ஏற்பாடு இது. 1976இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நான்கு கட்டத்துக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம்; நம் கண் பச்சையில்தான் நுணுக்கங்களை நன்றாகப் பார்க்கும் என்பதால் அதற்கு இரட்டைப் பங்கு. ஆனால் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், பிக்சல் என்கிறோமே அதற்கு, மூன்று நிறத்தின் அளவும் தேவை. ஒன்றைத்தான் அளந்தோம். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கேமரா ஊகிக்கிறது. நீங்கள் எடுத்த படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிற எண்கள் அளந்தவை அல்ல, கணித்தவை. 'எடிட்டே பண்ணாத படம்' என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பல ஃபோன்களில் 'ரா' என்றொரு வசதி இருக்கும். அளந்த எண்களை அதிகம் தொடாமல் தருவது அது. அதில் ஒரு புள்ளிக்கு ஆயிரக்கணக்கான வெளிச்சப் படிகள் இருக்கலாம். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். ஜேபெக் படத்தைச் சுருக்கி வைக்கும் கணக்கின் வேர் நம் பக்கத்தில் பிறந்தவருடையது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, அமெரிக்காவில் நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974இல் வெளியிட்டது. அதற்கு முன்பு அவர் நிதி கேட்டு விண்ணப்பித்தபோது, இது ரொம்ப எளிது என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். இன்று உலகத்தில் எண்ணற்ற முகங்கள் அந்த எளிய கணக்கின் வழியாகத்தான் ஃபோனுக்கு ஃபோன் போகின்றன. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுண்விவரங்களை அது கழித்துவிடுகிறது. அதனால் ஒரே ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் கன்னத்தில் கட்டங்கள் தலைகாட்டும். மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் வேலை செய்யுங்கள்.

இனி எடிட்டிங் என்பது எண்களின் மேல் செய்யும் கணக்கு என்பது புரிந்திருக்கும். வெளிச்சத்தைக் கூட்டுவது எண்களை உயர்த்துவது. கான்ட்ராஸ்ட் எண்களுக்கிடையே இடைவெளியை அகட்டுவது. ஹிஸ்டோகிராம் என்று திரையின் ஓரத்தில் மலைபோல் நிற்பது, பள்ளியில் நிகழ்வுச் செவ்வகம் என்று போட்ட அதே படம்: எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. மலை வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் செம்புகள் வழிந்துவிட்டன என்று பொருள். நான் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பேன்.

தோலை மிருதுவாக்கும் ஃபில்டர் என்ன செய்கிறது தெரியுமா? ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியாக மாற்றுகிறது. இரைச்சலை நீக்கவும் இதே கணக்குதான். எது தற்செயல் ஏற்ற இறக்கம், எது மயிர்க்கால், எது அம்மை வடு, எது சிரித்துச் சிரித்து விழுந்த கோடு என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. சின்னதாக வேறுபடும் எதையும் அது குப்பையாகத்தான் கொள்ளும். கண், உதடு போன்ற அழுத்தமான விளிம்புகளை மட்டும் விட்டுவிடப் பழக்கியிருக்கிறார்கள். மெழுகுப்பொம்மை முகம் அப்படித்தான் வருகிறது. கூர்மையாக்கும் கருவியோ இதற்கு நேர்மாறாக, படத்தின் மங்கலான நகல் ஒன்றைத் தயாரித்து, மூலத்திலிருந்து அதைக் கழித்து, மிஞ்சும் விளிம்புகளை மூலத்தோடு சேர்க்கும். கூர்மைக்கு மங்கல்தான் மூலப்பொருள்! இருட்டறைக் காலத்திலேயே மங்கலான பாசிட்டிவ் ஒன்றை நெகட்டிவோடு சேர்த்து வைத்து இதைச் செய்தார்கள்.

டச்சப் என்பதும் கணினியோடு வந்ததல்ல. ஸ்டூடியோக்களில் கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் மெல்லக் கோடிழுப்பார்கள். நெகட்டிவில் கருமை கூடிய இடம் அச்சில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் மறைந்துவிடும். அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். கேட்காமலே நிறத்தை இரண்டு படி வெளுத்துத் தரும் இன்றைய ஃபில்டர்களை மதிக்க முடியவில்லை. ஒளி நன்றாக விழுந்து, அளவு சரியாக வைத்து எடுத்த கறுத்த முகத்தில் எத்தனை படி நிறங்கள் இருக்கின்றன என்று ஹிஸ்டோகிராமே காட்டும். வெளுப்பாக்கும்போது அந்தப் படிகள் வலப்பக்கம் நெருக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நிறமாற்றம் ஒருபுறம் இருக்கட்டும், விவரமே தொலைந்து போகிறது.

பின்புறத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடைச் சோதிக்க ஒரு முழம் மல்லிகை போதும். தலையில் வைத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். முகம் எது, பின்புறம் எது என்று மென்பொருள் தூரத்தைக் கணித்து ஒரு கோடு போட வேண்டும். தோள்பட்டையில் கோடு பிசகாது. சரத்திலிருந்து துருத்தி நிற்கும் மொட்டுகளிலும், நெற்றியோரத்துச் சுருள்முடியிலும் தடுமாறிவிடும்; சில மொட்டுகள் பாதியில் கரைந்து சுவரோடு போயிருக்கும். பெரிய லென்ஸ் தரும் மங்கலில் இந்தப் பிழை வராது, ஏனென்றால் அங்கே யாரும் கோடு போடவில்லை. ஒளிதான் அந்தந்தத் தூரத்துக்கேற்ப விரிகிறது.

பக்கத்தில் எடுத்த செல்ஃபியைத் தள்ளி எடுத்ததுபோல் மாற்றவும் வழி வந்துவிட்டது. மூக்குக் கணக்கில் பெயர் வந்த ஓஹாட் ஃப்ரீட், 2016இல் பிரின்ஸ்டனில் இருந்தபோது சகாக்களோடு சேர்ந்து அதை வெளியிட்டார். படத்திலிருக்கும் தலைக்கு ஒரு முப்பரிமாண மாதிரியைப் பொருத்தி, கேமராவைக் கணக்கிலேயே பின்னால் நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியும் எங்கே போக வேண்டும் என்று அது கண்டுபிடிக்கும். மூக்கு சரியான அளவுக்குச் சுருங்கிவிடும், கன்னம் விரியும். ஆனால் 30 செ.மீ.யில் எடுத்த படத்தில் காதின் பெரும்பகுதியைக் கன்னம் மறைத்திருக்கும்; அந்த ஒளி எந்தச் செம்பிலும் விழவே இல்லை. வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அங்கே ஒரு காதை வரைந்து வைக்கலாம், பார்க்க இயல்பாகவும் இருக்கலாம். அன்றைக்கு நீங்கள் போட்டிருந்தது கல் தோடா, வெறும் வேப்பங்குச்சியா என்று அதற்குத் தெரியாது. டைமர் வைத்து ஐந்தடி தள்ளி நின்று எடுத்த படத்தில் அது இருக்கும்.